ஜிப்சம் போர்ட்டுக்கு எந்த மெஷின்? மட்டக்களப்பில் சீலிங் அடிக்கிறவனின் கணக்கு

சீலிங் வேலைக்குப் புதிதாக வருகிற பெடியன்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணன், எத்தனை வாட் மெஷின் எடுக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "என்னத்தை அறுக்கப் போறாய் தம்பி?" கொங்கிரீட் என்றால் வாட்டைப் பற்றிக் கதைக்கலாம். ஜிப்சம் போர்ட்டுக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

போர்ட்டை ஒருதரம் உடைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். நடுவில் இருப்பது பள்ளிக்கூடச் சோக்கட்டி மாதிரி ஒரு வெள்ளைப் பொருள். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற தாள்தான் அதைப் பலகையாக நிறுத்துகிறது. தாள் கிழிந்த இடத்தில் ஸ்க்ரூவும் நிற்காது, விளிம்பும் நிற்காது. ஆகவே ஒரு மெஷினை நான் மதிப்பிடுவது இரண்டே விஷயத்தை வைத்து: தாளை என்ன செய்கிறது, தூசியை எங்கே அனுப்புகிறது. எவ்வளவு பலம் என்று பார்ப்பதில்லை. எந்த மெஷினுக்கும் இந்தப் பலகையை அறுக்கும் பலம் தேவைக்கு மேல் இருக்கிறது.

இந்த வேலையை நான் பழகியது கட்டாரில். அங்கே டூல் ரூமில் கையெழுத்துப் போட்டு மெஷினை எடுப்போம், பின்னேரம் திருப்பிக் கொடுப்போம். எது நல்லது, என்ன விலை என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஊருக்கு வந்து ஆரையம்பதியில் இருந்துகொண்டு சொந்தமாக வேலை பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த யோசனை வந்தது. இன்றைக்குக் கல்லடியில் ஒரு அறைக்குச் சீலிங், அடுத்தது கல்முனையில் ஒரு பாமசிக்குப் பார்ட்டிஷன். சாமான் முழுவதும் மோட்டர் சைக்கிளில் போக வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் வேன் நிறைய மெஷின் வைத்திருப்பவர் சொல்கிற பட்டியல் நமக்குச் சரிவராது.

முதலில் கரண்ட் இல்லாத ஆயுதத்தைச் சொல்லிவிடுகிறேன். நேர்க்கோட்டில் அறுக்க மெஷினே வேண்டாம். நல்ல கத்தி, நேரான நீளச் சட்டம், அவ்வளவுதான். முன்பக்கத் தாளைக் கீறி, பின்னால் தட்டி மடித்து, பின்பக்கத் தாளை வெட்டினால் எட்டுக்கு நாலு அடிப் பலகை கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டாகிவிடும். தூசியும் மிகக் குறைவு. விளிம்பில் பிசிறு இருந்தால் அரத்தால் இரண்டு இழுப்பு. நேர் வெட்டுக்காக மின்வாள் வாங்குகிறவர் காசைக் கொடுத்துத் தூசியை வாங்குகிறார்.

கத்தியில் செலவழிக்க வேண்டியது பிளேடுக்கு. ஜிப்சம் பார்வைக்கு மென்மை, ஆனால் பிளேடின் கூர்மையைக் கெதியாகத் தின்னும். கூர் போன பிளேடு தாளை வெட்டாது, இழுத்துக் கிழிக்கும். எங்கள் பக்கம் கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். வாவிக்கரை வீடுகளில் போர்ட்டை நிலத்தில் அடுக்கி வைத்தால் கீழ்ப்பலகைகளின் தாள் ஈரம் பிடித்துத் தொய்ந்துவிடும். மரக்கட்டைகளின் மேல் மட்டமாக அடுக்கி, மேலே பொலித்தீன் போட்டு, காற்றும் ஓட விட வேண்டும். ஈரத் தாளோடு எந்த மெஷினும் ஒத்துப்போகாது.

மெஷின் உண்மையாகவே தேவைப்படுவது ஓட்டைகளுக்குத்தான். இப்போது கட்டுகிற வீடுகளில் சீலிங் என்றாலே அதில் எல்.ஈ.டி டவுன்லைட் வரிசையாக வேண்டும் என்கிறார்கள். வட்டம் வெட்டுவதற்கு டிரில்லில் மாட்டுகிற ஹோல் சோ, அதாவது விளிம்பில் பல் வைத்த கிண்ண வாள், இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் அடுக்கி மலிவாக விற்கிற செட்டும் இருக்கிறது. ஒன்றிரண்டு லைட்டுக்கு அந்த வளையம் போதும். ஆனால் அது ஆடும், வட்டம் முட்டை வடிவமாகும். தொடர்ந்து வேலை செய்கிறவர் தனக்கு அடிக்கடி வருகிற இரண்டு மூன்று அளவில் பைமெட்டல் (இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த) ஹோல் சோவைத் தனியாக வாங்குவது நல்லது. பல்லில் கார்பைட் என்ற மிகக் கடினமான பொருள் வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது, ஜிப்சத்தில் அதன் கூர் நீண்ட நாளைக்கு நிற்கும். காத்தான்குடியில் நான் வழமையாகப் போகிற ஹார்ட்வெயர் கடைக் காக்கா ஒருநாள் சிரித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, மெஷினுக்கு யோசிக்காமக் காசு தாறீங்க, பல்லுக்கு மட்டும் ஏன் விலை பேசுறீங்க?" அவர் வியாபாரத்துக்குத்தான் சொன்னார், ஆனாலும் சொன்னது சரி.

அளவு விஷயத்தில் ஒன்று. லைட்டின் வெளி விட்டத்தை அளந்து ஓட்டை போடக்கூடாது. பெட்டியில் கட்-அவுட் அளவு என்று தனியாக எழுதியிருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். ஓட்டையை மறைக்க லைட்டின் ஓரத்தில் இருக்கிற விளிம்பு மிகச் சின்னது. கொஞ்சம் பெரிதாகிவிட்டால் ஒட்டுப் போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். பெரிய வட்டங்களுக்கு இரண்டு பிளேடும் சுற்றிவர ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் உள்ள அட்ஜஸ்டபிள் கட்டர் எடுங்கள். ஒரே கருவியில் எல்லா அளவும் வரும், தூசி கிண்ணத்துக்குள் விழும். அதை மெதுவான வேகத்தில்தான் ஓட்ட வேண்டும். முழு வேகத்தில் விட்டால் கையோடு சேர்த்து ஆட்டும்.

ஹோல் சோவால் வெட்டும்போது நான் செய்வது இது. ஹோல் சோவின் நடுவில் துளைக்கிற பிட் போர்ட்டுக்குள் இறங்கிப் பல் தாளைத் தொடும் நேரத்தில் டிரில்லை ரிவர்ஸில் போடுவேன். பின்பக்கமாகச் சுற்றுகிற பல் தாளைக் கடிக்காது, உரசும். சாம்பல் நிறத்தில் தாள் மாவு வந்து, ஒரு மெல்லிய வட்டக்கோடு விழும். தாள் முழுவதும் அறுபட்டு வெள்ளை தெரிந்ததும் முன்பக்கம் போட்டு மெதுவாக இறக்கினால் விளிம்பு கத்தியால் வெட்டியது போல வரும். நேரே முன்பக்கமாக இறக்கினால் தாள் நார் நாராக உரிந்து லைட்டின் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கடைசி மில்லிமீற்றரில் அழுத்தத்தைக் குறைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கத் தாள் பிய்ந்துகொண்டு போகும்.

அதற்கு முன் மேலே சனல், அதாவது போர்ட்டைத் தாங்குகிற தகரச் சட்டம், ஓடுகிறதா என்று பாருங்கள். சின்ன காந்தம் ஒன்றைப் போர்ட்டின் மேல் இழுத்தால் ஸ்க்ரூத் தலை உள்ள இடத்தில் ஒட்டும், ஸ்க்ரூ வரிசை போகிற வழியில்தான் சனலும் போகும். ஹோல் சோ ஜீ.ஐ (நாகம் பூசிய இரும்பு) சனலில் மாட்டினால் மணிக்கட்டை முறுக்கிவிடும். ஏணியின் மேல் நின்றுகொண்டு அது தேவையில்லாத வேலை.

சுவிட்ச், பிளக் பொயின்ட் ஓட்டைகளுக்கு ரோட்டரி கட்-அவுட் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று அளவில் சுற்றும் சின்ன மோட்டரும் 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பிட்டும். இதன் அழகு என்னவென்றால் அளவெடுத்துக் கீறத் தேவையில்லை. சுவரில் சன்க் பொக்ஸ், அதாவது சுவிட்ச் உட்காருகிற பெட்டி, இருக்கிற இடத்தின் நடுவை மட்டும் குறித்துக்கொண்டு போர்ட்டை அதன் மேல் வைத்து, பொக்ஸில் இருந்து தள்ளி சில ஸ்க்ரூ மட்டும் போட்டு நிறுத்துகிறோம். பொக்ஸுக்குக் கிட்ட ஸ்க்ரூவை இறுக்கினால் வெட்டும்போது போர்ட் வெடிக்கும். நடுவில் பிட்டை இறக்கி, ஓரத்தில் முட்டும் வரை கொண்டுபோய், தூக்கி, பொக்ஸின் வெளிப்பக்கத்தில் இறக்கி, பொக்ஸைச் சுற்றி இடஞ்சுழியாக வருகிறோம். சுற்றுகிற பிட் அந்தத் திசையில் பொக்ஸோடு ஒட்டிக்கொண்டு வரும். எதிர்த்திசையில் போனால் விலகி ஓடும். பொக்ஸ் இல்லாமல் வெறுமனே ஒரு வட்டமோ சதுரமோ வெட்டும்போது திசை மாறும், வலஞ்சுழியாகப் போக வேண்டும்.

பிட் வாங்கும்போது நுனியைப் பாருங்கள். ஜிப்சத்துக்கான கைட் பொயின்ட் பிட்டின் நுனியில் வெட்டும் பல் இருக்காது, வழவழப்பாக இருக்கும். அந்த நுனிதான் பொக்ஸை உரசிக்கொண்டு வழி காட்டுகிறது. நுனி வரை பல் உள்ள பிட்டைப் போட்டால் பிளாஸ்டிக் பொக்ஸையும் சேர்த்து அறுத்துவிடும். ஆழத்தைப் போர்ட்டின் தடிப்பை விட ஒரு நூல் அதிகமாக மட்டும் வைக்க வேண்டும். மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணி, வயர்களை பொக்ஸின் அடியில் மடித்து அமுக்காமல் இந்த மெஷினைக் கையில் எடுக்கவே கூடாது. வீட்டுக்காரர் "அந்தப் பக்கம் கரண்ட் இல்லைத் தம்பி" என்று சொன்னாலும் டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான்.

ஒரு அறை, இரண்டு அறை வேலைக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். முனை கூரான சின்னக் கைவாள் ஒன்றைக் குத்தி இறக்கி அறுத்தால் அதே ஓட்டை வரும், நேரம் கொஞ்சம் கூடப் போகும். பார்ட்டிஷன் வேலை அடிக்கடி வருகிறவருக்கு மட்டும்தான் ரோட்டரி தன் விலையைத் திருப்பித் தரும்.

என்னை ஒரே ஒரு வெட்டும் மெஷின் வைத்துக்கொள் என்றால் நான் எடுப்பது மல்டி டூல், அதாவது பிளேடு சுற்றாமல் இடம் வலமாகச் சில பாகை மட்டும் அதிர்கிற அந்த மெஷின். ஏற்கெனவே அடித்து பெயின்ட் பூசிய சுவரில் ஒரு துண்டு வெட்டி எடுக்க அதைப் போல வேறில்லை. தூசி பறக்காமல் அந்த இடத்திலேயே கீழே கொட்டும், மூலை வரை நேராக வரும், நாம் நிறுத்தும் இடத்தில் நிற்கும். இந்த மெஷினின் பூர்வீகமும் சுவாரசியம். ஜெர்மனியின் ஃபைன் கம்பனி இதை 1967இல் கொண்டுவந்தது ஆஸ்பத்திரிக்கு, எலும்பு முறிந்தவர்களின் மாவுக்கட்டை அறுக்க. தோல் அதிர்வோடு சேர்ந்து அசையும், கட்டு மட்டும் அறுபடும். மாவுக்கட்டும் ஜிப்சத்தில் இருந்து வருவதுதானே, ஆகவே அது பிறந்த வேலைக்கே நாம் அதைப் பாவிக்கிறோம். முதல் மின் கைத் துளைப்பானும் அதே கம்பனி 1895இல் செய்ததுதான். இதற்காக அவர்களுடைய மெஷினைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, அது விலை கூடியது. எந்த நல்ல மெஷினிலும் அரைவட்ட பிளேடு மாட்டினால் நீள வெட்டு நேராக வரும், மூலைகளுக்கு நேர் பிளேடு. மரத்துக்கான மெல்லிய பல் பிளேடு ஜிப்சத்தில் சீக்கிரம் மொட்டையாகிவிடும். மணல் ஒட்டியது போலக் கார்பைட் பொடி பதித்த பிளேடு எடுங்கள்.

ஜிக்சோ, அதாவது பிளேடு மேலும் கீழும் ஓடுகிற மின்வாள், பற்றி அதிகம் இல்லை. மேசையில் போட்டு வளைவு வெட்டலாம். சாதாரண பிளேடு மேல்நோக்கி இழுத்து வெட்டுவதால் மேல்பக்கத் தாள் பிசிறும், ஆகவே நல்ல பக்கத்தைக் கீழே வைத்துப் பின்பக்கத்தில் கீறி அறுக்க வேண்டும்.

வட்டத் தட்டு சுற்றி வெட்டுகிற ஆங்கிள் கிரைண்டரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. எல்லாரிடமும் இருக்கிறது என்பதால் எல்லாவற்றுக்கும் அதை எடுக்கிறார்கள். போர்ட்டில் வைத்தால் அறை முழுக்க வெள்ளைப் புகை, ஆள் தெரியாது. சனல் வெட்டவும் வேண்டாம் என்பேன். கிரைண்டரின் சூடு வெட்டிய ஓரத்தில் நாகப் பூச்சை எரித்துவிடும், பறக்கிற பொறி போர்ட்டின் தாளில் ஒட்டிப் பிறகு துருப்புள்ளியாகும். கல்லடி, நாவலடி மாதிரி கடல் காற்று வீட்டுக்குள் வருகிற இடங்களில் இது கெதியாகத் தெரியும். தகரம் வெட்டும் கத்தரி போதும். சிவப்புப் பிடி இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சை வலப்பக்கம், மஞ்சள் நேராக.

இனி ஸ்க்ரூ. சீலிங்கில் பிழை வெளியே தெரிவது இங்கேதான். ஸ்க்ரூவின் தலை தாளுக்குள் ஒரு சின்னக் குழியோடு அமர வேண்டும், தாள் கிழியக்கூடாது. சரியாக அமர்ந்ததா என்று பார்க்கப் பட்டித் தகட்டை (பட்டி என்பது மூட்டையும் ஸ்க்ரூக் குழியையும் மறைக்கப் பூசுகிற பசை) அதன் மேல் இழுங்கள். "டிக்" என்று தட்டினால் தலை வெளியே நிற்கிறது. தலையைச் சுற்றி வெள்ளை மாவு தெரிந்தால் தாள் போய்விட்டது, அந்த ஸ்க்ரூ இனிக் கணக்கில் இல்லை. அதைக் கழற்றிவிட்டு இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போட வேண்டும். பட்டியைப் பூசி மறைத்தால் சில காலத்தில் அந்த இடம் பொட்டு மாதிரி வெளியே தெரியும்.

இந்த ஆழத்தை நிறுத்துவதற்குத்தான் மெஷினின் பெறுமதி. பெரிய வேலைக்கு டிரைவோல் ஸ்க்ரூ கன் இருக்கிறது. அதன் மூக்கு ஆழத்தை அளந்து வைத்த இடத்தில் தானாகப் பிடியை விட்டுவிடும். நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றும் அதற்கு மேலும் ஓடும், கை பழகினால் வேகத்துக்கு நிகரில்லை. ஒரு அறைக்கும் கடை பார்ட்டிஷனுக்கும் அவ்வளவு தேவையில்லை. கழுத்தில் இலக்கம் போட்ட கிளச் வளையம் உள்ள சாதாரண பற்றரி டிரில்லும், சுற்றிவர ஒரு கிண்ணம் உள்ள டிம்ப்ளர் பிட்டும் எடுத்தால் போதும். கிண்ணம் போர்ட்டில் முட்டியதும் பிட் ஸ்க்ரூவை விட்டு விலகிவிடும். ஒரு சின்ன பிட் செய்கிற வேலைதான், ஆனால் பழகுகிற பெடியனிடம் டிரில்லைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கலாம்.

இம்பெக்ட் டிரைவரை ஜீ.ஐ சனல் பூட்டுவதற்கு வைத்திருங்கள், போர்ட்டில் வேண்டாம். அது அடித்து அடித்துச் சுற்றும், ஒரு அடி கூடினாலும் தலை தாளைத் தாண்டிவிடும்.

பிட்டின் தலையையும் கவனிக்க வேண்டும். ஜிப்சம் ஸ்க்ரூவுக்கு வேண்டியது பி.எச் 2 என்ற பிளஸ் வடிவ பிட். கடைகளில் பி.இசட் 2உம் அதே டப்பாவில் கலந்து கிடக்கும். பி.இசட்டில் நாலு இதழுக்கும் நடுவே மெல்லிய கோடு இருக்கும், பார்த்தால் தெரியும். தவறினதைப் போட்டால் வழுக்கி வழுக்கி ஸ்க்ரூத் தலை உருண்டைக் குழியாகும். ஸ்க்ரூவில், சனலுக்கு நெருக்கமான புரி, மரச்சட்டத்துக்கு அகலமான புரி. 12.5 மில்லிமீற்றர் போர்ட் ஒன்றைச் சனலில் பூட்ட 25 மில்லிமீற்றர் நீளம் போதும். சீலிங்கில் அடிக்கு ஒன்று, சுவரில் 16 அங்குலத்துக்கு ஒன்று என்று வைப்பது வழமை, ஓரத்தில் இருந்து அரை அங்குலமாவது உள்ளே. நம்முடைய கடற்கரைப் பக்க வேலைகளுக்குக் கறுப்பு ஸ்க்ரூவை நான் விட்டுவிட்டேன். அந்தக் கறுப்புப் பூச்சு உப்புக் காற்றைத் தாங்காது, துரு பட்டியையும் பெயின்ட்டையும் தாண்டிக் கசியும். நாகம் பூசியது விலை கொஞ்சம் கூட, பரவாயில்லை.

பற்றரி விஷயத்தில் கடைக்காரர் சொல்லும் இலக்கங்களைக் கேட்டு மயங்க வேண்டாம். லித்தியம் செல் ஒன்றின் சாதாரண அழுத்தம் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறும்போது ஒவ்வொன்றும் நாலு வோல்ட்டுக்குச் சற்று மேல் நிற்கும், ஆகவே அதே ஐந்தை 20 என்றும் 21 என்றும் எழுதி விற்கிறார்கள். மூன்றும் ஒன்றுதான். பெட்டியில் 48, 88, 128 என்று பெரிதாக அடித்த மலிவு மெஷின்களும் வருகின்றன. நான் கழற்றிப் பார்த்தவற்றுக்குள் இருந்தது அதே ஐந்து செல்தான். சீலிங் வேலைக்கு மூன்று செல் உள்ள 12 வோல்ட் மெஷினே நல்லது என்பது என் கருத்து. கையை மேலே தூக்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்க நிற்கிறவருக்கு அரைக் கிலோ வித்தியாசம் தோளில் தெரியும். பெரிய பற்றரி ஒன்றை விடச் சின்ன பற்றரி இரண்டு எடுங்கள். வெட்டும் மெஷினையும் டிரில்லையும் ஒரே பற்றரி ஏறுகிற வகையில் எடுத்தால் சார்ஜரும் ஒன்றோடு முடியும்.

போர்ட்டில் டிரில் போடும்போது ஹெமர் மோட் ஓஃபில் இருக்க வேண்டும். இதைச் சொல்லக் காரணம், சுவரில் ரிவி மாட்ட வருகிறவர் பழக்கதோஷத்தில் கொங்கிரீட் பிட்டைப் போட்டு ஹெமரில் குத்துவதை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் ஓட்டை, பின்பக்கம் தட்டளவுக்குப் பள்ளம். கூரான மர பிட்டோ இரும்பு பிட்டோ போட்டு, அடியில்லாமல் மெதுவாகச் சுற்றினால் போதும். சின்னப் படம், மணிக்கூட்டுக்குத் தானே துளைத்து ஏறுகிற பிளாஸ்டிக் அங்கர். அதை விடப் பாரமானதுக்குப் பின்னால் விரிகிற ஸ்பிரிங் டொகிள். ரிவி, கப்போர்ட் என்றால் அங்கரை நம்பாமல், போர்ட் அடிக்கும் முன்பே சட்டங்களுக்கு நடுவே பிளைவுட் பலகை ஒன்றைப் பூட்டி வைக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் இதை முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. சீலிங் ஃபேன் எக்காரணம் கொண்டும் போர்ட்டிலோ சனலிலோ தொங்கக்கூடாது, மேலே பீமிலோ சிலாப்பிலோ தொங்க வேண்டும். அதன் கம்பி வருகிற ஓட்டையைக் கம்பியை விடப் பெரிதாக வெட்டுங்கள். ஃபேன் ஆடும்போது கம்பி போர்ட்டைத் தட்டினால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

தூசி பற்றிச் சொன்னால் பெடியன்கள் சிரிப்பார்கள், லேஞ்சியைக் கட்டினால் சரி என்பார்கள். சரியில்லை. தொழிலாளர் பாதுகாப்பை ஆராய்கிற அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1999இல் வெளியிட்ட எச்சரிக்கையில், பட்டி தேய்க்கிறவர்கள் சுவாசிக்கும் தூசி அந்நாட்டுச் சட்ட எல்லையைப் போலப் பத்து மடங்கு வரை போகிறது என்று இருந்தது. பட்டியில் சிலிக்காவும் இருக்கலாம். என்95 மாஸ்க் ஒன்றும் கண்ணாடியும் வெட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் கட்டாயம். தலைக்கு மேலே வெட்டும்போது கண்ணாடி இல்லாமல் ஒரு நிமிடம் கூட முடியாது என்பது செய்தவருக்குத் தெரியும்.

அதை விடப் பெரிய விஷயம் ஒன்று. பழைய வீடுகளில் சீலிங்காகத் தட்டை அஸ்பெஸ்டஸ் சீற் அடித்திருப்பார்கள். பெயின்ட் பூசியிருந்தால் ஜிப்சம் மாதிரியே தெரியும். தட்டினால் சத்தம் கணீரென்று கேட்கும், கத்தியால் கீறினால் இறங்காது. சந்தேகம் இருந்தால் அதில் டிரில்லும் போடாதீர்கள், வாளும் வைக்காதீர்கள். அதன் நார் நுரையீரலில் தங்கினால் நோய் பல வருடம் கழித்து வரும். அப்படியான சீலிங்கை அப்படியே விட்டுவிட்டுக் கீழே புதிதாகச் சட்டம் இறக்கலாமா என்று பார்க்க வேண்டும், அதற்கும் மேலே துளைக்காமல் சுவரில் இருந்து சட்டத்தை எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஜிப்சம் தூசி மெஷினுக்கும் எதிரிதான். மோட்டரின் காற்றுத் துவாரங்களில் புகுந்து கிறீசோடு கலந்து பசையாகும். வேலை முடிந்ததும் புளோவரால் ஊதி எடுங்கள், மழைக்காலத்தில் அதே நாளில். கார்பன் பிரஷ் உள்ள மெஷின் வாங்குவதானால் காசைக் கொடுக்கும் முன் அதே கடையில் அந்த மெஷினுக்கு பிரஷ் இருக்கிறதா என்று கேளுங்கள். கொழும்பில் இருந்து எடுப்பித்துத் தருகிறேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.